அழுதால் முறைக்கிறேன் என்கிறார்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தார். காஷ்மீரில் கண்ணிவெடி வெடித்துத் தலையில் பலத்த அடி. போன வருடம் பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிட்டார். என் அம்மா இறந்த மறுநாள் அடுப்படியில் அழுதுகொண்டு நின்றேன். "எதுக்கு முறைக்கிற?" என்று சத்தம் போட்டார். பாசமே அற்றுப்போய்விட்டதா?
பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்

பதில்: சகோதரி, அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் முகம் மாறியிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது அழுகை என்று மட்டும் பிடிபடவில்லை.

தலையில் பலமாக அடிபட்ட பலருக்கு இந்தச் சிக்கல் வருகிறது. பார்வை சரியாக இருக்கும், ஆளும் அடையாளம் தெரியும். முகத்தில் இருப்பது துக்கமா, பயமா, கோபமா என்று பிரித்தறிவதில்தான் மூளை தடுமாறும். சிரிப்பு ஓரளவு புரிந்துவிடும். இதோடு பி.டி.எஸ்.டி. என்கிற போர்க்கள அதிர்ச்சியும் சேர்ந்திருந்தால் மனம் எந்நேரமும் சென்ட்ரி டியூட்டியிலேயே நிற்கும். சும்மா இருக்கிற முகம்கூடக் கோபமாகத் தெரியும்.

அதனால் அவராகப் புரிந்துகொள்ளட்டும் என்று காத்திருக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். "அம்மா ஞாபகம் வந்துடுச்சு, அழறேன். கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க." கேட்டு வாங்குவதெல்லாம் பாசமா என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான். ஆனால் சொன்னதும் வந்து உட்காருகிறார் பாருங்கள், அது அவருடைய பாசம்தான்.

இதற்குப் பயிற்சியும் உண்டு. மனநல நிபுணர்கள் முகப் படங்களைக் காட்டி, புருவம், கண், உதட்டோரம் என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கப் பழக்குவார்கள். அதே முகபாவத்தை அவரையே செய்துபார்க்கச் சொல்வார்கள். எப்போது தனக்கு அப்படி இருந்தது என்று நினைவுபடுத்தச் சொல்வார்கள். வீட்டில் டி.வி. சீரியலைச் சத்தமில்லாமல் பத்து நிமிடம் சேர்ந்து பாருங்கள். அதில் முகத்தை நிதானமாகக் காட்டுவார்கள், தொடங்குவதற்கு நல்லது. "இந்தப் பொண்ணு புருவம் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் களைத்திருக்கும்போது வேண்டாம்.

முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். தலைவலி, தூக்கம் பற்றிய பேச்சோடு எழுந்து வந்துவிடாமல், எதிரில் இருப்பவர் முகம் இவருக்குப் புரியவில்லை என்று சொல்லி, அடுப்படியில் நடந்ததையும் சொல்லுங்கள். நரம்பியல் மருத்துவருக்கும் மனநல நிபுணருக்கும் ரெஃபரல் கேட்டு வாங்குங்கள்.

அவர் கை ஓங்கினாலோ, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு மனசு தாங்காவிட்டாலும் அதே எண்தான்.