அப்டேட் கொடுத்தும் சில பொதிகள் ஏன் பழைய பதிப்பிலேயே நிற்கின்றன?

உபுண்டு லினக்ஸில், மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் ‘ஆப்ட்’ கருவிக்கு ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளை கொடுத்தும் எதுவும் மாறவில்லை, ‘அப்கிரேட்’ கொடுத்தால் நாலைந்து பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்) ‘கெப்ட் பேக்’, அதாவது புதுப்பிக்காமல் நிறுத்தப்பட்டவை, என்று நிற்கின்றன என்கிறீர்கள். இரண்டுமே கோளாறு இல்லை.

அப்டேட் எதையும் நிறுவாது. பொதிகளை இறக்கித் தரும் இணையக் களஞ்சியத்தில் இப்போது என்னென்ன பதிப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் இறக்கி வைக்கும். நிறுவுவது அப்கிரேட்தான்.

சரி, அந்த நாலைந்து? ‘ஆப்ட் அப்கிரேட்’ புதிய பொதிகளைச் சேர்க்கும், ஆனால் இருப்பதை நீக்காது. ஒன்றைப் புதுப்பிக்க இன்னொன்றை நீக்க வேண்டி வந்தால் அப்படியே விட்டுவிடும். ‘ஃபுல்-அப்கிரேட்’ நீக்கவும் துணியும். அது காட்டும் ‘ரிமூவ்டு’ பட்டியலைப் படிக்காமல் ஒருமுறை ‘ஒய்’ (சரி) அழுத்தினேன். மறுதொடக்கத்துக்கு அப்புறம் வெறும் கறுப்புத் திரையும் லாகின் வரியும்தான். டெஸ்க்டாப் பொதியே போயிருந்தது. வெளியிலிருந்து சேர்த்த களஞ்சியங்கள் இருந்தால் அந்தப் பட்டியலை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. உபுண்டு சில புதுப்பிப்புகளை எல்லோருக்கும் ஒரே நாளில் தருவதில்லை. முதலில் ஒரு பகுதிக் கணினிகளுக்கு, பிரச்சினை இல்லையென்றால் மற்றவற்றுக்கு. 21.04 பதிப்பிலிருந்து ஆப்ட்டும் இந்த முறையைப் பின்பற்றுகிறது. இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், சில நாளில் தானாக வரும். நீங்களே எப்போதோ ஒரு பொதியைப் புதுப்பிக்காமல் நிறுத்திவைக்கும் ‘ஆப்ட்-மார்க் ஹோல்டு’ போட்டு மறந்திருக்கவும் வாய்ப்புண்டு. ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு’ காட்டிக்கொடுத்துவிடும்.

இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலைப் புதுப்பித்திருந்தால் மறுதொடக்கம் செய்யுங்கள். அதுவரை ஓடுவது பழையதுதான்.