மாற்றுத்திறனாளிகளின் பேருந்து, ரயில் பயணம்: கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிகளின் பொதுப் போக்குவரத்துப் பயணம் தொடர்பாக உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் சிறு வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டு, பல ஆண்டுகள் காலிப்பர் என்னும் உலோகக் கால் தாங்கி அணிந்து நடந்து, இப்போது சக்கர நாற்காலியில் வெளியே செல்பவன். சலுகை அட்டைகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு உதவும் பணியில் நெடுங்காலமாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கட்டணச் சலுகை பற்றியவை. அவற்றுக்கு விடை தருகிறேன். ஆயினும் வண்டிக்குள் ஏற முடிவதே முதல் உரிமை என்றும், கட்டணம் அதற்குப் பிறகு வருவது என்றும் உறுதியாக நம்புகிறவன் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (சேலம்): எனக்கு ஒரு காலில் 45 சதவீத ஊனம் உள்ளது. அரசுப் பேருந்தில் எனக்கு முழுவதும் இலவசமா? சில பேருந்துகளில் டிக்கெட் கேட்கிறார்களே?

எல்லாப் பேருந்துகளிலும் இலவசம் இல்லை. 2021ஆம் ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் அது திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையைக் காட்டினால் நடத்துநர் கட்டணமில்லா டிக்கெட் கொடுக்க வேண்டும். நீங்கள் ஏறிய பேருந்து விரைவுப் பேருந்தாகவோ சொகுசுப் பேருந்தாகவோ இருந்தால் இந்தத் திட்டம் பொருந்தாது. எனவே ஏறும் முன் பலகையைப் பாருங்கள். ஓர் ஊரிலிருந்து வேறு ஊருக்குச் செல்லும் அரசுப் பேருந்துகளில் 75 சதவீதச் சலுகை உண்டு. அதாவது, நாலில் ஒரு பங்கு கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும். அதற்கு அட்டையின் நகல் கேட்கப்படும் என்பதால், நான்கைந்து நகல்களை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

கேள்வி (திருச்சி): மூளை முடக்குவாதம் உள்ள என் மகனை நான் தூக்கிக்கொண்டுதான் பேருந்தில் ஏறுகிறேன். நான் வேலையாக வெளியூர் சென்றால் என் கணவர் அழைத்துச் செல்கிறார். அவரிடம் டிக்கெட் கேட்கிறார்கள். இது சரியா?

சரியில்லை, அம்மா. நகரப் பேருந்துத் திட்டத்தில் மாற்றுத்திறனாளியுடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் கட்டணம் கிடையாது. துணையாளர் ஆணாக இருந்தாலும் இது பொருந்தும். மகனின் அட்டையை முதலில் நீட்டிவிட்டு, அதன் பிறகு துணையாளருக்கான டிக்கெட்டைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை, அம்பத்தூர்): தாழ்தளப் பேருந்தில் சக்கர நாற்காலியோடு ஏறலாம் என்கிறார்கள். நடைமுறையில் எப்படி ஏறுவது? நிறுத்தத்தில் கை காட்டினால் போதுமா?

கை காட்டுவதோடு, ஓட்டுநரின் கண்ணில் படும்படி நிறுத்தத்தின் முன்பகுதியில் இருங்கள். நாம் பின்னால் கூட்டத்துக்குள் மறைந்திருந்தால் சாய்தளம் தேவைப்படும் பயணி ஒருவர் காத்திருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது.

வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். தாழ்தளப் பேருந்தில் அது 400 மில்லிமீட்டர். வண்டி நின்றதும் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால் நடைபாதைப் பக்கம் வண்டி மேலும் சற்றுத் தாழும். வாசல் தரையோடு ஒட்டி மடித்து வைக்கப்பட்டிருக்கும் சாய்தளப் பலகையைக் கையால் தூக்கி வெளிப்புறமாக விரிக்க வேண்டும். இதை நடத்துநர் செய்வார். ஏறியதும் நாற்காலிக்கென ஒதுக்கிய காலியிடத்துக்குச் சென்று, முதலில் நாற்காலியின் பிரேக்கைப் போடுங்கள், பிறகு வார்ப்பட்டையை மாட்டுங்கள். சில நடத்துநர்கள் அவசரத்தில் பட்டையை மாட்டாமலே விசில் கொடுத்துவிடுவார்கள். பட்டை மாட்டும் வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான். நடைபாதையை ஒட்டி நின்றால் பலகை ஏறக்குறைய சமமாக அமர்ந்து, கையால் சக்கரத்தைத் தள்ளியே ஏறிவிடலாம். நடைபாதையிலிருந்து நான்கடி தள்ளி நடுச்சாலையில் நின்றால் பலகை நேரே சாலையில் இறங்கும்; சரிவு செங்குத்தாகி, பின்னாலிருந்து ஒருவர் தள்ளினாலும் நாற்காலி மல்லாந்துவிடக்கூடும். நிறுத்தத்தை மறித்து நிற்கும் ஷேர் ஆட்டோக்களும் இரு சக்கர வாகனங்களுமே பல இடங்களில் இதற்குக் காரணம். பல இலட்சங்கள் செலவிட்டு வாங்கிய தாழ்தளப் பேருந்தின் பயனை ஒரு மோட்டார் சைக்கிள் இல்லாமல் செய்துவிடுகிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கேள்வி (மதுரை): இத்தகைய பேருந்துகள் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தன? எல்லாப் பேருந்துகளையும் இப்படி வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லையா?

சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 41ஆம் பிரிவு, பேருந்து நிறுத்தங்கள், ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றில் வாகன நிறுத்துமிடம், கழிப்பறை, பயணச்சீட்டு வழங்குமிடம் முதலியன அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றும், எல்லா வகைப் போக்குவரத்தும் எங்களுக்கு எட்ட வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் பழைய வண்டிகளை மாற்றி அமைப்பது பற்றிச் சொல்லும்போது, தொழில்நுட்ப ரீதியாக இயலக்கூடியதாகவும், பாதுகாப்பானதாகவும், பொருளாதார ரீதியாகத் தாங்கக்கூடியதாகவும், வடிவமைப்பில் பெரிய மாற்றம் தேவைப்படாததாகவும் இருந்தால் என்ற நிபந்தனைகளை அதே பிரிவு சேர்க்கிறது. அந்த நிபந்தனைகளுக்குள்தான் பல ஆண்டுகள் கரைந்தன.

சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் தானாக வரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய நீண்ட வழக்கின் பயன் அது. சாலைகள் குறுகலானவை, மழைக்காலத்தில் நீர் தேங்கும், விலை அதிகம் என்பவை அரசுத் தரப்பின் வாதங்களாக இருந்தன. மழைநீர் பற்றிய கவலையை நான் முற்றிலும் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் ஆண்டின் சில நாட்கள் நீர் தேங்குவதைக் காரணம் காட்டி, மற்ற எல்லா நாட்களிலும் ஒரு பகுதி மக்களை வீட்டிலேயே இருத்துவதை ஏற்க முடியாது. இறுதியில், வாங்கப்படும் பேருந்துகளில் ஒரு பகுதி தாழ்தளமாக இருக்கும் என்ற ஏற்பாடு வந்தது. 2024 ஆகஸ்டில் அவ்வகைப் பேருந்துகள் சென்னைச் சாலைகளுக்கு வந்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் இயங்கத் தொடங்கின.

இன்னொரு தீர்ப்பையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில், அணுகல் தரங்களைப் பரிந்துரை போல மட்டுமே வைத்திருந்த 15ஆம் விதி அந்தத் தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்து, மீறக்கூடாத கட்டாய விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. மனு எழுதும்போது இத்தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): எனக்கு 60 சதவீதப் பார்வைக் குறைபாடு. பேருந்தில் சலுகை கிடைக்கிறது. ரயில்வேயில் மட்டும் மறுக்கிறார்கள். ஏன்?

சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. ரயில்வேயின் கட்டணச் சலுகையோ நான்கு பிரிவினருக்கே உண்டு: துணையின்றிப் பயணிக்க இயலாத கை கால் ஊனமுற்றோர், துணையின்றிப் பயணிக்க இயலாத அறிவுசார் குறைபாடு உடையோர், முற்றிலும் பார்வையற்றோர், செவித்திறனும் பேச்சுத்திறனும் ஒருசேர முற்றிலும் இல்லாதோர். உங்களுக்கு ஓரளவு பார்வை இருப்பதால் இந்தப் பட்டியலுக்குள் வரவில்லை. கவுன்ட்டர் ஊழியரிடம் வாதாடிப் பயனில்லை; அவர் விதியைத்தான் பின்பற்றுகிறார். மாற வேண்டியது விதி. நடைமேடை எண்ணைப் படிக்க முடியாத ஒருவர், பார்வை முற்றிலும் இல்லை என்று சான்று பெற்றால்தான் சலுகை என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்தவில்லை என்பதே என் கருத்து.

முதல் மூன்று பிரிவினருக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, ஏசி சேர் கார் ஆகியவற்றில் 75 சதவீதமும், முதல் வகுப்பு ஏசி, இரண்டடுக்கு ஏசி ஆகியவற்றில் 50 சதவீதமும் தள்ளுபடி உண்டு. நான்காம் பிரிவினருக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 50 சதவீதம். துணையாளர் ஒருவருக்கும் அதே அளவு கிடைக்கும். தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமே. முன்பதிவுக் கட்டணமும் அதிவிரைவு வண்டிக் கட்டணமும் முழுதாகவே வசூலிக்கப்படும்.

கேள்வி (கோயம்புத்தூர்): என் தந்தைக்குச் சலுகை டிக்கெட்டை வீட்டிலிருந்தே எடுக்க முடியுமா? கீழ்ப் படுக்கை உறுதியாகக் கிடைக்குமா?

எடுக்கலாம். முதலில் ரயில்வே கோட்ட அலுவலகம் வழங்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். ரயில்வே வகுத்துள்ள படிவத்தில் அரசு மருத்துவர் அளிக்கும் சான்றிதழை இணைத்து அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். வருவாய்த் துறையிலும் மருத்துவமனையிலும் முன்பே வாங்கிய வேறு சான்றிதழ்களை வைத்து விண்ணப்பித்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். படிவத்தின் ஒரு வரியும் விடுபடாமல் மருத்துவர் நிரப்பியிருக்கிறாரா, சான்றிதழில் ஒட்டிய புகைப்படத்தின் மீது பாதியும் தாளின் மீது பாதியுமாக முத்திரை விழுந்திருக்கிறதா என்று அவர் மேசையை விட்டு நகரும் முன்பே பாருங்கள்.

அட்டை கிடைத்த பிறகு ஐஆர்சிடிசி தளத்தில் அதன் எண்ணைப் பதிந்து பதிவு செய்யலாம். மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் ஸ்லீப்பரில் நான்கு படுக்கைகளும் மூன்றடுக்கு ஏசியில் நான்கு படுக்கைகளும் உள்ளன. ஒவ்வொன்றிலும் இரண்டு கீழ்ப் படுக்கைகள். ஒரு வண்டி முழுவதற்கும் இவ்வளவுதான் என்பதால், பண்டிகைக் காலத்தில் முன்பதிவு தொடங்கும் நாளிலேயே முயலுங்கள். பயணத்தின்போது அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி (விழுப்புரம்): ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் மற்றவர்களே நிறைந்திருக்கிறார்கள். ஏற முயன்றால் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

வண்டியின் கடைசியிலோ முன்னாலோ கார்டு பெட்டியோடு சேர்ந்திருக்கும் அந்தப் பகுதியில்தான் அகலமான வாசலும், சக்கர நாற்காலி நிறுத்த இடமும், கைப்பிடிகளோடு கூடிய பெரிய கழிப்பறையும் உள்ளன. மற்றப் பெட்டிகளின் கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையாது. அங்கே அமர்ந்திருக்கும் மற்றவர் ஒருவருடைய இருக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை; அந்த வண்டியில் நமக்கிருக்கும் ஒரே கழிப்பறையையும் எடுத்துக்கொள்கிறார்.

வண்டி வந்த பிறகு வாதிட நேரம் இருக்காது. எனவே வண்டி வருவதற்கு அரை மணி நேரம் முன்பே நிலைய அதிகாரியிடமும் ரயில்வே பாதுகாப்புப் படையினரிடமும் சொல்லி, ஒரு காவலரை அந்த இடத்துக்கு அனுப்பக் கேளுங்கள். பயணத்தின் நடுவில் என்றால் 139 என்ற எண்ணை அழையுங்கள். ஒதுக்கப்பட்ட பெட்டியில் உரிமையின்றி அமர்ந்து எழ மறுப்பவருக்கு ரயில்வே சட்டத்தின் 155ஆம் பிரிவின்படி அபராதம் விதிக்கலாம்.

கேள்வி (சென்னை, தாம்பரம்): நான் பார்வையற்றவள். வரும் பேருந்தின் எண்ணும், இறங்கும் நிறுத்தமும் தெரியாமல் தவிக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது.

நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும் ஏற்பாடு சென்னைப் பேருந்துகள் சிலவற்றில் உள்ளது. அது இயங்காத பேருந்தில் ஏறினால் நடத்துநரிடம், “இந்த வண்டியில் அறிவிப்பு ஏன் இல்லை?” என்று கேளுங்கள், பழுது என்றால் வண்டி எண்ணோடு புகார் அனுப்புங்கள். புகார் வராத கருவியைப் பழுது பார்க்க யாரும் முன்வருவதில்லை. ‘சென்னை பஸ்’ செயலி, வந்துகொண்டிருக்கும் பேருந்து எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது; கைபேசியின் திரைவாசிப்பானோடு அதைப் பயன்படுத்திப் பாருங்கள். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேருந்துகள் வரிசையாக வந்து நின்றால் எது உங்களுடையது என்று செயலியால் சொல்ல முடியாது. வாசலுக்கு வெளியேயும் கேட்கும்படி தட எண்ணை அறிவிக்கும் ஒலிபெருக்கி வேண்டும் என்பதை நாம் விடாமல் கேட்க வேண்டும்.

கேள்வி (ஈரோடு): “ஓசிப் பயணத்துக்கு இவ்வளவு அவசரமா?” என்று ஒரு நடத்துநர் எல்லார் முன்னிலையிலும் என்னிடம் கத்தினார். புகார் செய்தால் பயன் உண்டா?

உண்டு. பொதுமக்கள் பார்வையில் மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முதலில் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு வண்டி எண், தட எண், நாள், நேரம், டிக்கெட்டின் படம் ஆகியவற்றோடு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றதற்கான ஒப்புகையை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகள் மாநில ஆணையருக்கு எழுதுங்கள். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அந்த நடத்துநர் சிறைக்குப் போக வேண்டும் என்று நீங்கள் விரும்பாமல் இருக்கலாம். அப்படியானால், பணிமனையில் அனைவருக்கும் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதைப் புகாரின் கோரிக்கையாக எழுதுங்கள். எனக்குத் தெரிந்து அதுதான் நிலைத்த பலனைத் தருகிறது.

கேள்வி (தருமபுரி மாவட்டக் கிராமம்): நீங்கள் சொல்வதெல்லாம் சென்னைக்கு. எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை பேருந்து வருகிறது. அதிலும் படி இடுப்பளவு உயரம். எங்களுக்கு என்ன வழி?

உங்கள் கேள்வியில் உள்ள நியாயத்தை மறுக்க முடியாது. நிறுத்தம் இருக்கும் இடத்தில் மண்ணைக் கொட்டிக் கான்கிரீட் மேடை ஒன்றைக் கட்டினால் முதல் படியின் உயரம் பாதியாகக் குறையும். ஊன்றுகோலோடு நடப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அதுவே பெரிய உதவி. ஊராட்சி அளவிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை இது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றக் கேளுங்கள். தீர்மான நகலோடு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். அதே நாளில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். மருத்துவச் சான்றையும் அடையாள அட்டை நகலையும் கையோடு எடுத்துச் சென்றால் இரண்டு முறை அலைய வேண்டியதில்லை.