பட்டன் தேய்ந்த சொகுசுக் கார்: அடுத்து எந்த டயர்?

கேள்வி: கோவையில் வசிக்கும் நான், 16 மாதங்களுக்கு முன் ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் பின்சக்கர இயக்கச் சொகுசு செடான் வாங்கினேன். மாதம் இருமுறை சென்னைக்குப் போய்வருகிறேன். 31,000 கி.மீ. ஓடிய நிலையில் பின் டயர்கள் இரண்டிலும் பட்டன் (சாலையைத் தொடும் பள்ளமிட்ட ரப்பர்) தீர்ந்துவிட்டது. முன் டயர்களில் பாதி இருக்கிறது. டயர் அளவு முன்னே 225/45 ஆர்18, பின்னே 255/40 ஆர்18. நான்கும் காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட், ஸ்டெப்னி கிடையாது. தேய்மானத்தைத் தாங்கும் திறனைக் குறிக்கும் ட்ரெட்வேர் எண் 500 உள்ள சாதாரண டயரைப் பின்னால் போட்டால் 80,000 கி.மீ. உழைக்கும் என்கிறார் கடைக்காரர். நெடுநாள் உழைக்கும் டயர் எது? நைட்ரஜன் நிரப்பினால் ஆயுள் கூடுமா?

பதில்: பின் டயர்கள் முதலில் தீர்ந்ததை மட்டும் வைத்து அவற்றில் குறை இருப்பதாகச் சொல்ல முடியாது. உங்கள் காரில் என்ஜினின் இழுவிசை முழுவதும் பின் சக்கரங்கள் வழியாகவே சாலைக்குப் போகிறது. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு என்பதால், மற்றக் கார்களில் செய்வதுபோல் டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ளவும் வழியில்லை.

ஆனாலும் கடைக்குப் போகுமுன் ஒன்றைச் செய்யுங்கள். காரை நிழலில் நிறுத்தி, டயர் ஆறியபின், பின்சக்கரத்தின் உள்பக்க விளிம்பில் விரல்களை வைத்துக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் பள்ளம் தெளிவாகத் தெரிய, உள்விளிம்பு மொட்டையாக வழுவழுத்திருந்தால், உங்கள் டயரைத் தின்றது வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம்தான். வெளியிலிருந்து பார்க்கும்போது இன்னும் சில மாதம் ஓடும் என்று தோன்றிய டயரைக் கழற்றியபோது, உள்விளிம்பில் கம்பி வெளியே தெரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கோணத்தைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த டயரைப் போட்டாலும் அதற்கும் இதே கதிதான்.

கடைக்காரர் சொன்ன ட்ரெட்வேர் எண் அமெரிக்க அரசின் தரவகைப்பாட்டைச் சேர்ந்தது. டெக்சாஸின் மேற்குப் பகுதியில் வரையறுக்கப்பட்ட சாலைத் தடத்தில் டயரை ஏறத்தாழ 11,600 கி.மீ. ஓட்டி, ஒப்பீட்டு டயரோடு சேர்த்துத் தேய்மானத்தைக் கணக்கிட்டு, அதன் அடிப்படையில் உற்பத்தியாளரே எண்ணை வழங்குகிறார். ஒரே நிறுவனத்தின் 300-ஐயும் 500-ஐயும் ஒப்பிட அது உதவும். இரு நிறுவனங்களுக்கிடையே ஒப்பிட அவ்வளவாக உதவாது. கிலோமீட்டர் கணக்காக மாற்றிச் சொல்வதற்கு அடிப்படையே இல்லை. 80,000 என்று சொன்னவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். டயர் உத்தரவாதங்கள் பொதுவாக உற்பத்திக் குறைபாட்டுக்கே பொருந்தும், வழக்கமான தேய்மானத்துக்கு அல்ல.

உழைப்பை மட்டும் நோக்கி உருவாக்கப்படும் கெட்டியான ரப்பர், பெரும்பாலும் ஈரச் சாலையில் பிடிப்பை விட்டுக்கொடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு, 5,000 கி.மீ. கூடுதல் ஆயுளைவிட அந்தப் பிடிப்பே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

ரன்-ஃபிளாட்டையும் சாதாரண டயரையும் கலந்து போட உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ரன்-ஃபிளாட்டின் பக்கச்சுவர், காற்று முழுதும் போனாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. தூரம் காரைத் தாங்கும்படி கெட்டியாகச் செய்யப்பட்டது. சாதாரண டயரோ வேறு விதமாக வளைந்து கொடுக்கும். திருப்பங்களில் கார் முன்னே ஒருவிதமாகவும் பின்னே ஒருவிதமாகவும் நடந்துகொள்ளும். ஆகவே மாற்றுவதென்றால் நான்கையும் மாற்ற வேண்டும். இப்போது மாற்றினால் பாதி ஆயுள் மிச்சமிருக்கும் முன் டயர்கள் வீணாகும்.

எனவே இந்த முறை, இப்போதுள்ள அதே மாடல் ரன்-ஃபிளாட்டைப் பின்னால் ஒரு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள். பக்கச்சுவரில் கார் நிறுவனத்தின் ஒப்புதல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. ஏறத்தாழ 60,000 கி.மீ.யில் இந்தப் பின் ஜோடியும் பழைய முன் ஜோடியும் ஒன்றாகவே தீரும். ரன்-ஃபிளாட்டை விட்டுவிட விரும்பினால், நான்கையும் நெடும்பயணத்துக்கான டூரிங் வகைக்கு மாற்ற அதுதான் சரியான வேளை. அப்போது காற்றடிக்கும் கருவியும் பஞ்சர் கிட்டும் வண்டியில் இருக்க வேண்டும். காரின் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் கையேட்டில் உள்ளதற்குக் குறையக் கூடாது. சுமைக் குறியீடு 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோதான். விலை குறைகிறது என்று இதில் இறங்காதீர்கள். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக 2325 என்று இருந்தால், 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 2020 ஜூன் முதல் கார் டயர் இறக்குமதிக்கு அரசின் உரிமம் தேவைப்படுவதால், உங்களுடையது போன்ற அளவுகளில் நெடுநாள் கிடங்கில் கிடந்த சரக்கு கைக்கு வரக்கூடும். ஓர் ஆண்டுக்கு மேற்பட்டதை முழு விலைக்கு வாங்க நான் சம்மதிக்க மாட்டேன். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும்.

காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. அதற்கெனத் தனிச் செலவு தேவையில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுக்குமுன், கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டையில் கண்ட அளவுக்குக் காற்று பாருங்கள். டயர் மீதே அச்சிட்ட எண் உச்ச வரம்பு, நிரப்ப வேண்டிய அளவல்ல. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை அலைன்மெண்ட் பார்த்து, அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பில்லில் மாடல், அளவு, தயாரிப்பு வாரம், வரிசை எண் நான்கும் எழுதப்பட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயர்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. அந்த விகிதம்தான் போடப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். பிறகு தகராறு வந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லவும், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடவும் அந்தப் பில்தான் கையில் இருக்க வேண்டும்.