இலங்கையின் தம்புள்ளைக் குகைக் கோயில்: கேட்டவர்களுக்குப் பதில்

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற முடியுமா?
பாறை சமவெளியிலிருந்து சுமார் 160 மீட்டர் உயரம். படிகள் ஒரே அளவில் இருக்காது. வெயில் ஏறுமுன் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். டிக்கெட் எங்கே என்று கீழேயே விசாரித்து வாங்கிவிடுங்கள். மேலே போய்த் திரும்பி இறங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா?
ஆம். கல் சுடும், காலுறை போடலாம்.

ஐந்து குகையில் எதைத் தவறவிடக் கூடாது?
இரண்டாவதை. மகாராஜ விகாரை என்பார்கள், இருப்பதில் பெரியது. உள்ளே போனதும் சிலைகளை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள். பாறை எப்படி மடிந்து இறங்குகிறதோ அப்படியே ஓவியமும் மடிந்து வரும். துணியை மேலே விரித்துக் கட்டியது போல. ஓரிடத்தில் கூரையிலிருந்து நீர் சொட்டும், கீழே கம்பித் தடுப்புக்குள் ஒரு பானை. அந்தச் சொட்டுச் சத்தம் கேட்க வேண்டுமானால் சுற்றுலாக் கூட்டம் போகும்வரை பொறுத்திருங்கள். முதல் குகையில் பாறையிலேயே குடைந்த, சுமார் 14 மீட்டர் நீளமுள்ள சயனப் புத்தர். இடம் குறுகல், முழு உருவமும் ஒரே பார்வையில் அகப்படாது. சிவப்புப் பூசிய பாதத்தில் தொடங்கி நடந்துதான் முகத்துக்கு வர வேண்டும்.

புத்தரோடு செல்ஃபி எடுக்கலாமா?
முதுகைக் காட்டி நிற்காதீர்கள். 2012இல் சிலைக்கு முத்தம் கொடுப்பது போலப் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு இலங்கை நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது.

தமிழருக்குப் பயந்து ஒளிந்த அரசனின் கோயில்தானே? நாம் ஏன் போக வேண்டும்?
வலகம்பா, கி.மு. முதலாம் நூற்றாண்டு. தென்னிந்தியப் படையிடம் தலைநகர் அநுராதபுரத்தை இழந்து இங்கே மறைந்திருந்தான், மீண்டும் அரசனானபின் கோயிலாக்கினான் என்பது மரபு. சரி, அதோடு நின்றுவிடாமல் மூன்றாவது குகைக்குள் போங்கள். அங்கே நிற்கும் அரசர் சிலை கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுடையது. 18ஆம் நூற்றாண்டில் அந்தக் குகையைக் கோயிலாக்கியவர் அவர்தான். மதுரை நாயக்கர் வழி.

நாயக்கர் தெலுங்கர். தமிழர் என்று எப்படி எழுதினீர்கள்?
நான் எழுதவே இல்லை. மேலே ஒருமுறை வாசியுங்கள்.

அப்போ அவர் சைவரா, பௌத்தரா? (இதையே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்)
இரண்டும் என்றால் ஏன் உங்களுக்குப் பொறுக்கவில்லை? சைவக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் காலத்தில்தான், 1753இல், சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளுக்கான முழுத் துறவேற்பை, மீட்டார்கள். திருநீறு பூசுகிறார் என்ற குறையும் அவர்மேல் இருந்தது. 1760இல் அவரைக் கொல்லவே சதி நடந்தது. பௌத்தத்துக்கு இவ்வளவு செய்த மனிதருக்கே அந்த நிலை. மொழிச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இது கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கான இடம்.

அரைக்கால் சட்டை போடலாமா?
முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும்.

குரங்குகள்?
உண்டு. கையில் சாப்பாட்டுப் பை வேண்டாம்.

சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா?
ஐயா, இரண்டாவது கேள்வி.

மேலிருந்து சிகிரியா பாறைக் கோட்டை தெரியுமா?
வானம் தெளிவாக இருந்தால் வடகிழக்கில் தெரியும். குகைகளைப் பார்த்து முடித்ததும் உடனே இறங்கிவிடாதீர்கள். அப்புறம், முதுகு விஷயம் மறக்க வேண்டாம்.