மச்சான் பிடித்த கயிறு

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன். நானும் என் தாய்மாமாவும் குத்துச்சண்டைப் பைத்தியங்கள். கடந்த நாற்பது வருட ஹெவிவெயிட் வீரர்களில் என் வரிசை இது: மைக் டைசன், லெனாக்ஸ் லூயிஸ், ஹோலிஃபீல்ட், உசிக், விளாடிமிர் கிளிட்ச்கோ. நாக் அவுட் சதவீதம், தோற்ற சண்டைகள், எதிராளியின் தரம் என்று மூன்று வகையாக மதிப்பெண் போட்டுத்தான் எழுதினேன். மாமா பார்த்துவிட்டு, "லாரி ஹோம்ஸ் இல்லாத லிஸ்டை நான் மீன் மடிக்கக்கூட வச்சுக்க மாட்டேன்" என்றார். "அவர் கிழட்டு அலியை அடிச்சவர்தானே" என்றேன். பத்து நாளாக என்னோடு பேச்சு இல்லை. ஹோம்ஸ் உண்மையில் பெரிய வீரரா? உசிக்கை நீங்கள் எங்கே வைப்பீர்கள்? 1974 அலியும் 1988 டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்? என் பெயரைப் போட வேண்டாம், மாமாவும் உங்களைப் படிக்கிறவர்.

ஒரு வாசகர், பெரியபட்டினம்

அன்புள்ள தம்பி,

பெயர் போடவில்லை. ஆனால் பெரியபட்டினத்தில் லாரி ஹோம்ஸுக்காக மருமகனோடு பேசாமல் இருக்கிற மாமா எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் மனசு இளகிவிட்டால் முடியாது. சதவீதம் போட்டு ஆளை அளப்பது என்ன பழக்கம்? பிரிட்டன் வீரர் ஃப்யூரியிடம் தோற்பதற்கு முன்னால் அமெரிக்கர் டியான்டே வைல்டர் 42 வெற்றியில் 41 நாக் அவுட் வைத்திருந்தார். உங்கள் கணக்குப்படி அவரல்லவா தலைமாட்டில் இருக்க வேண்டும்? ஐந்து பேரில் அவரைக் காணோம். அதாவது கணக்கைப் போட்டீர்கள், விடை பிடிக்கவில்லை, கையால் திருத்திவிட்டீர்கள். அந்தத் திருத்தம்தான் உங்கள் நிஜமான ரசனை. அதை நேராகச் சொல்லியிருந்தால் மாமாவும் நேராகச் சண்டை போட்டிருப்பார். நாற்பது வருடம் என்று கோடு கிழித்ததுகூட எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஹோம்ஸ் பட்டத்தை இழந்தது 1985 செப்டம்பரில். சரியாக அவர் வெளியே விழுகிற இடத்தில் கோடு!

அலி, டைசன் கேள்வியை டீக்கடையிலேயே விட்டுவிடுங்கள். பெஞ்சுக்கும் வேலை வேண்டாமா?

டைசனை ஏன் முதலில் வைத்தீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. 1988-இல் எனக்கு இருபது வயது. கீழக்கரையில் ஒரு வீட்டு முற்றத்தில் டெக் வாடகைக்கு எடுத்து, துபாயிலிருந்து வந்த கேசட் ஓட்டினார்கள். டைசனும் மைக்கேல் ஸ்பிங்க்ஸும். தலைக்கு இரண்டு ரூபாய். ஏர்வாடிப் பக்கத்திலிருந்து ஆறு பேர் சைக்கிளில் போனோம். சுண்டல் பொட்டலத்தை நான் பிரித்து முடிக்கவில்லை, சண்டை முடிந்துவிட்டது. 91 வினாடி. காசைத் திருப்பிக் கொடு என்று ஒரே கூச்சல். வீட்டுக்காரர் பயந்துபோய்க் கேசட்டைச் சுற்றிச் சுற்றி ஏழு தடவை போட்டார். ஏழாவது தடவைதான் டைசன் மேலங்கி இல்லாமல், காலில் சாக்ஸ்கூட இல்லாமல் வந்து நிற்பதையும், மணி அடிப்பதற்கு முன்பே ஸ்பிங்க்ஸின் கண் தோற்றுவிட்டதையும் பார்த்தேன். அன்றைக்கு என்னிடம் வரிசை கேட்டிருந்தால் டைசனை முதலில் போட்டு, இரண்டிலிருந்து பத்து வரை காலியாக விட்டிருப்பேன்.

ஏழு தடவை பார்த்தும் டைசனின் மூலையில், அதாவது ரவுண்டு இடைவெளியில் வீரனைக் கவனிக்கிற பயிற்சியாளர் நிற்கும் இடத்தில், யார் நிற்கிறார் என்று நான் பார்க்கவில்லை. கெவின் ரூனி நின்றார். டைசனை எடுத்து வளர்த்த கஸ் டமாட்டோ 1985-லேயே இறந்துவிட, அவர் பள்ளியின் மிச்சமாக இருந்தவர் ரூனி. 1988 முடிவதற்குள் அவரையும் அனுப்பிவிட்டார்கள். பிறகு வந்தது டோக்கியோ, 1990 பிப்ரவரி 11. பஸ்டர் டக்ளஸின் குத்தில் டைசனின் இடது கண் வீங்கி மூடுகிறது. வீக்கத்தை அழுத்தக் குளிர்ந்த இரும்புக் கட்டி ஒன்று வைப்பார்கள். எந்தச் சின்ன ஊர்ப் போட்டியிலும் மூலைப்பெட்டியில் அது கிடக்கும். உலகத்திலேயே அதிகம் சம்பாதித்த குத்துச்சண்டைக்காரனின் மூலையில் அது இல்லை! ஒரு ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பிக் கண்ணில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தாவது ரவுண்டில் டைசன் விழுந்து, நாலு காலில் தவழ்ந்து, பல்லுக்கு மாட்டும் உறையைத் தேடி எடுத்து, அதைக்கூட ஒழுங்காகக் கடிக்க முடியாமல் ஒரு முனை வாயிலும் மறு முனை வெளியிலுமாக எழுந்திருக்கப் பார்ப்பார். நீங்கள் பார்க்கும் துண்டு வீடியோக்களில் டைசன் அடிப்பதுதான் இருக்கும். இதையும் ஒரு தடவை பாருங்கள்.

இப்போது நான் எங்கே போகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடற்கரைப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா?

நம் பக்கம் முத்துக்கோ சங்குக்கோ மூழ்குகிறவருக்குக் கயிறு பிடிப்பது மச்சான் என்பார்கள், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். பங்காளி பிடித்தால் சொத்தை நினைத்துக் கை தளரலாம், தங்கச்சி தாலியை எந்த அண்ணனும் நழுவவிட மாட்டான் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. என் அப்பாவுக்குக் கயிறு பிடித்தவர் என் தாய்மாமா. கல்லில் ஒரு காலை வைத்து, இடுப்பில் வலைப்பையோடு அப்பா இறங்குவார். ஏழு பாகம், எட்டு பாகம் ஆழம். மாமா வள்ளத்தின் ஓரத்தில் குந்தியிருப்பார். கயிறு அவருடைய இடது ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். பேச மாட்டார். வாயில் பீடி அணைந்துபோய்க் கிடக்கும். பள்ளிக்கூட லீவில் வள்ளத்தில் தண்ணீர் இறைக்கப் போகிற நான், மேலே வருகிற குமிழியை எண்ணிக்கொண்டிருப்பேன். மாமா குமிழியைப் பார்க்க மாட்டார். விரலைத்தான் பார்ப்பார்.

எந்த வீரனின் பெயரைச் சொன்னாலும் 'இவனுக்கு யார் கயிறு பிடித்தது' என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. லெனாக்ஸ் லூயிஸை எடுங்கள். 1994-இல் ஆலிவர் மெக்காலிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார். மெக்காலின் மூலையில் நின்றவர் இமானுவேல் ஸ்டீவர்ட். தோற்ற லூயிஸ் என்ன செய்தார்? தன்னை விழ வைத்த அந்த மனிதரையே போய்த் தனக்குப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், 2002-இல் டைசனை வீழ்த்தியதைவிட இதுதான் அவர் செய்த பெரிய காரியம். ஸ்டீவர்ட் பிறகு விளாடிமிர் கிளிட்ச்கோவுக்கும் வந்தார், 2012-இல் இறக்கும் வரை இருந்தார். கிளிட்ச்கோவைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஃபோர்மனை நீங்கள் மறந்தே போனீர்கள். 1974-இல் கின்ஷாசாவில் அலியிடம் அவர் சரிந்தபோது அலியின் மூலையில் நின்றவர் ஆஞ்சலோ டண்டீ. இருபது வருடம் கழித்து, 45 வயதில், அன்றைக்கு உடுத்திய அதே கால்சட்டையோடு மைக்கேல் மூரரை வீழ்த்தியபோது ஃபோர்மனின் மூலையில் நின்றவரும் டண்டீதான்.

கயிற்றை எப்போது இழுப்பது என்பதுதான் இதில் கஷ்டமான இடம். 1975 அக்டோபர் 1, மணிலா, அலியும் ஜோ ஃப்ரேசியரும். பதினாலு ரவுண்டு முடிந்திருக்கிறது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஃப்ரேசியரின் ஒரு கண் ஏற்கெனவே மங்கல், மற்றது வீங்கி மூடிவிட்டது. வருகிற குத்து அவருக்குத் தெரியவில்லை. அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச், போதும் என்றார். ஃப்ரேசியர் எழுந்திருக்கப் பார்க்கிறார், ஃபட்ச் தோளில் கை வைத்து உட்கார வைக்கிறார். எதிர் மூலையில் அலி எந்த நிலையில் இருந்தார் என்பதைப் பற்றி இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூணு நிமிஷம் பொறுத்திருந்தால் ஃப்ரேசியர் ஜெயித்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஃபட்ச் ரிங்கிலேயே உயிர் போனதைப் பார்த்தவர்.

இனி உங்கள் 'கிழட்டு அலி'. 1980-இல் அலி மெட்ராஸுக்கு வந்தார், ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆரும் அவரும் சேர்ந்து நிற்கிற படம் எங்கள் ஊர் சலூனில் வெகுநாள் ஒட்டியிருந்தது. அதே வருடம் அக்டோபர் 2, நாம் காந்தி ஜெயந்தி லீவில் இருந்த நாள், லாஸ் வேகாஸில் 38 வயது அலியை ஹோம்ஸ் அடித்தார். ஹோம்ஸ் யார்? அலியின் பயிற்சி முகாமில் அவருக்கு எதிரே நின்று அடி வாங்கித் தொழில் கற்றவர். தகப்பன் மாதிரி ஒருத்தர் எதிரே கையைக்கூடத் தூக்க முடியாமல் நிற்கிறார், மேலும் மேலும் அடிக்க வேண்டியிருக்கிறது. நிறுத்தச் சொல்லி நடுவரைப் பார்க்கிறார். பத்து ரவுண்டு போன பிறகுதான் டண்டீ நிறுத்தினார். அப்போதும் அலியின் ஆளான பண்டினி பிரவுன், இன்னும் ஒரு ரவுண்டு என்று டண்டீயைப் பிடித்து இழுத்தார். நான்தான் இங்கே தலைமை என்று டண்டீ சத்தம் போட வேண்டியிருந்தது. ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். இதைத்தான் நீங்கள் ஒரு வரியில் தள்ளினீர்கள். 1978 முதல் 1985 வரை பட்டத்தை 20 முறை காத்தவர், 48 சண்டை தோற்காதவர், ஜாப் என்கிற அந்த இடது கை நேர்க்குத்து மாதிரி ஒன்று அதற்குப் பிறகு வரவில்லை. மாமா பத்து நாளோடு விட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

கயிற்றை இழுத்தவருக்கு நன்றி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 2020 பிப்ரவரியில் ஃப்யூரியிடம் வைல்டர் காதில் ரத்தம் வழிய நின்றபோது, ஏழாவது ரவுண்டில் அவர் மூலையில் நின்ற மார்க் பிரிலேண்ட் துண்டை வீசிச் சண்டையை நிறுத்தினார். வைல்டர் என்ன செய்தார்? பிரிலேண்டை வேலையை விட்டே நீக்கினார்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. 1979 வாக்கில் ஒரு நாள் அப்பா இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மாமா இழுத்துவிட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், வழக்கமான கணக்கு வரவில்லை. மேலே வந்த அப்பா வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கக்கூடப் பொறுக்காமல் மாமாவைத் திட்டினார். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஒரு வலம்புரி கிடந்ததாம். அவர் மூக்கிலிருந்து ரத்தம் கோடாக இறங்கி மீசையில் நின்றது. அதை அவர் துடைக்கவுமில்லை, பின்னால் ஒத்துக்கொள்ளவுமில்லை. ஆறு மாதம் வேறு ஆளை வைத்து இறங்கினார். அம்மா அண்ணன் வீட்டுக்குப் போகவும் முடியாமல், போகாமல் இருக்கவும் முடியாமல் கிடந்தாள். மாசிக் களரிக்குக் குலசாமி கோயிலில்தான் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள், அதுவும் ஆட்டு விலையைப் பற்றி.

அந்த வலம்புரியை அப்பா கடைசிவரை விடவில்லை. வருடத்துக்கு வருடம் அது பெருத்துக்கொண்டே போனது. அவர் இறந்த பிறகு ஒரு நாள் மாமாவிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் இழுத்தீர்கள் என்று. விரலை நீட்டிக் காட்டினார். "ரெண்டு தடவை ஆடுச்சுடா. அவரு ஆட்டுனாரா, நீரோட்டம் ஆட்டுச்சான்னு மேல இருக்கவனுக்கு எப்படித் தெரியும்? இழுத்துட்டேன்." அந்த விரலில் கயிறு உட்கார்ந்த தடம் வெள்ளையாக அப்படியே இருந்தது.

உசிக்கைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். லூயிஸுக்கு அடுத்து, ஹோலிஃபீல்டுக்கு மேலே. லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பெல்ட்டையும் ஒரே இடுப்பில் சேர்த்தவர் அவர்தான், அதற்குக் கால் நூற்றாண்டு ஆனது. 2024 மே 18, ரியாத், ஒன்பதாவது ரவுண்டைப் போட்டுப் பாருங்கள். ஆறு அடி மூன்று அங்குல உசிக்கின் அடியில் ஆறு அடி ஒன்பது அங்குல ஃப்யூரி தள்ளாடிப்போய்ச் சாய்கிறார். தரையில் விழவில்லை, ரிங்கின் கயிறு தாங்கிவிடுகிறது. கயிறு தாங்கியதால்தான் நிற்கிறார் என்று நடுவர் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்குகிறார்.

துண்டு வீடியோ வேண்டாம், பன்னிரண்டு ரவுண்டும் பாருங்கள். மாமாவைக் கூப்பிட வேண்டியதில்லை. டிவியில் போட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், மூணாவது ரவுண்டுக்குள் அவரே வந்து உட்காருவார்.