பஸ்ஸா, டாக்ஸியா, நடையா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி வேற. கும்பகோணத்துல ரெண்டு நாள் தங்கி தாராசுரம், சுவாமிமலை, கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர் பெரிய கோயில் எல்லாம் பாக்கணும். ரெண்டு நாளைக்கும் டாக்ஸி பேசிடலாமா, பஸ்ஸே போதுமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ரெண்டு நாளைக்கு எதுக்கும்மா, அரை நாள் டாக்ஸி போதும். எங்க பக்கம் தூரம் பெரிய விஷயமே இல்ல, நடை சாத்துற நேரத்தைத்தான் பாக்கணும், பன்னெண்டு பன்னெண்டரைக்கு சாத்துனா பெரும்பாலும் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க, அந்த நேரம் பூரா வண்டிய நிறுத்தி வெச்சு வெயிட்டிங் காசு குடுக்கறது வீண்.

முதல் நாள் காலைல ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க. அணைக்கரை வழியா கொள்ளிடத்தைத் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம் 35 கிலோமீட்டர் சொச்சம். ஜெயங்கொண்டம் பஸ்லயும் போகலாம், ஆனா அம்மாவை வெச்சுக்கிட்டு திரும்பி வர பஸ்ஸுக்கு ரோட்டுல நிக்க வேண்டாம். அங்கேருந்து நேரா சுவாமிமலை, 60 படி, கைப்பிடிய புடிச்சு மெதுவா ஏறட்டும், வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள முடிச்சுட்டு டாக்ஸிய அனுப்பிடுங்க.

தாராசுரத்தை சாயங்காலத்துக்கு வைங்க. டவுன்லேருந்து நாலு கிலோமீட்டர் கூட இருக்காது, தஞ்சாவூர் ரோட்டுலதான், சாதாரண டவுன் பஸ்னா 2021லேருந்து பெண்களுக்கு கட்டணமே கிடையாது, கால் வலி ஜாஸ்தியா இருந்தா ஆட்டோ. அங்க மட்டும் அவசரப்படாதீங்க. ஒரே தலை, ஒரு பக்கத்தைக் கையால மறைச்சா யானை, இன்னொரு பக்கத்தை மறைச்சா காளை, அந்த மாதிரி சிற்பத்த அம்மாவை பக்கத்துல நிக்க வெச்சு காட்டுங்க, தூண்ல விரல் அளவு ஆடுற பொண்ணுங்க கூட இருக்காங்க.

ரெண்டாவது நாள் தஞ்சாவூருக்கு ரயில்தான் சொல்வேன், உக்காந்துக்கிட்டே போயிடலாம், ஸ்டேஷன்லேருந்து பெரிய கோயில் கிட்டதான், ஆட்டோல போயிடுங்க. பஸ்னா பழைய பஸ் ஸ்டாண்டு போகுமான்னு கேட்டு ஏறுங்க, புது பஸ் ஸ்டாண்டு ரொம்ப தள்ளி இருக்கு. மத்தியானத்துல மட்டும் பெரிய கோயிலுக்குப் போகவே கூடாது, செருப்பில்லாம அந்த கருங்கல் தரைல அம்மாவால ஒரு அடி வைக்க முடியாது. காலைல கோயில், அப்புறம் அரண்மனை.

கும்பகோணத்துக்குள்ள கும்பேஸ்வரர், சாரங்கபாணி, மகாமக குளம் எல்லாம் நடக்குற தூரம்தான், கார் அந்த தெருவுக்குள்ள போனா நெரிசல்ல மாட்டிக்கும்.

கேள்வி: நவக்கிரக கோயில் ஒன்பதையும் ஒரே நாள்ல முடிக்க முடியுமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: முடியும். அரசு போக்குவரத்துக் கழகம் 2024ல கும்பகோணத்துலேருந்து சனி, ஞாயிறு மட்டும் சிறப்பு பஸ் விட ஆரம்பிச்சாங்க, அப்ப கட்டணம் 750 ரூபா, கிளம்புறதுக்கு முன்னாடி இப்போதைய நேரமும் கட்டணமும் கேட்டுக்குங்க. ஆனா ஓட்டமா ஓடணும். ராகு கோயிலான திருநாகேஸ்வரம் மட்டும் போதும்னா டவுன் பஸ்ஸே இருக்கு, பக்கத்துலயே உப்பிலியப்பன் கோயில், நடந்தே போயிடலாம். ஞாயித்துக்கிழமை நாலரைலேருந்து ஆறு ராகு காலம், கூட்டம் அள்ளும், நிம்மதியா கும்பிடணும்னா வேற நாள் போங்க.