துரையின் நோட்டும் அம்மாவின் காய்ச்சலும்

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு 36 வயது. திருமணமாகவில்லை. பெரம்பூரில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவுக்கு 63. மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று இரண்டு மாதத்துக்கு முன் தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்க 21 நாளுக்கு ஒருமுறை கீமோ கொடுக்கிறார்கள். இந்த மாதம் 3ஆம் தேதி இரண்டாவது முடிந்தது. அண்ணன் பெங்களூரில் இருக்கிறார், பணம் அனுப்புகிறார். எங்கள் பூனை துரைக்குப் பத்து வயது. அதற்குச் சர்க்கரை நோய். காலை ஏழுக்கும் இரவு ஏழுக்கும் இன்சுலின் போட வேண்டும். காது ஓரத்தில் குத்தி ரத்தம் எடுத்து, அளவை ஒருநாள் விடாமல் நோட்டில் எழுதி வைக்கிறேன். ஆஸ்பத்திரி நாட்களில் நேரம் தவறிவிடுகிறது. பூனை முடி அம்மாவுக்கு ஆகாது, எங்காவது கொடுத்துவிடு என்கிறார் சித்தி. அண்ணனும் அதையேதான் சொல்கிறார். அம்மாவோ, ‘துரைய எங்கயும் அனுப்பிடாத, நாளைக்கு உனக்கு ஒரு துணை வேணும்ல’ என்கிறார். (அம்மாவுக்கு நோயின் பெயர் தெரியாது. தெரிந்தால் உடைந்துவிடுவார் என்று அண்ணன் சொன்னதால், கட்டி கரைய மருந்து ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறோம். 12ஆம் தேதி இரவு லேசாகக் காய்ச்சல் வந்திருக்கிறது. நான் துரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் என்னைக் கூப்பிடாமல் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் சரியாகிவிட்டது.) துரையைக் கொடுத்துவிடட்டுமா?

— பெரம்பூர் வாசகி

பதில்:

கொடுக்க வேண்டாம். துரை விஷயம் அவ்வளவுதான், பிறகு வருகிறேன். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு மூடி வைத்ததைத்தான் முதலில் பேச வேண்டும்.

3ஆம் தேதி மருந்து ஏற்றியிருக்கிறார்கள். 12ஆம் தேதி காய்ச்சல். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஒன்பது நாள். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை ஏறி ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாளுக்குள்தான் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். கிருமியோடு சண்டை போட உடம்பில் ஆளே இல்லாத நாட்கள் அவை. அந்த நேரத்தில் உடம்பு காட்டும் ஒரே அடையாளம் பல சமயம் காய்ச்சல் மட்டும்தான். 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் மாத்திரையைத் தானாகப் போட்டுக்கொள்ளவே கூடாது. மாத்திரை சூட்டை இறக்கிவிடும், கிருமி உள்ளே அப்படியே இருக்கும். இதையெல்லாம் முதல் நாளே உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்திருப்பார்கள். அந்தத் தாள் எங்கே இருக்கிறது? பீரோவில், அம்மா கண்ணில் படாத இடத்தில். சரியா?

‘காலையில் சரியாகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் சரியாகவில்லை. தப்பித்திருக்கிறீர்கள். அன்று காய்ச்சல் எத்தனை டிகிரி என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. துரைக்குக் குளுக்கோமீட்டர் வாங்கியிருக்கிறீர்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா? பத்து வயதுப் பூனையின் சர்க்கரை அளவு வேளை தவறாமல் நோட்டில் ஏறுகிறது. பெற்றவளின் காய்ச்சல் ஒரு வரிகூட ஏறவில்லை. பூனையைக் கவனிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை, பூனையைக் கவனிக்கிற அழகைப் பார்த்துத்தான் கேட்கிறேன். உங்களுக்குக் கவனிக்கத் தெரியாமல் இல்லை.

அம்மா ஏன் உங்களைக் கூப்பிடவில்லை? உங்களுக்குத் தொந்தரவு என்பதால் என்று நினைக்கிறீர்கள். பாதிதான் உண்மை. கட்டி கரைய மருந்து ஏற்றிக்கொள்ளும் ஒருத்திக்கு லேசான காய்ச்சல் வந்தால் அது வெறும் காய்ச்சல்தான், மாத்திரை போட்டால் போய்விடும். அவருக்குச் சொல்லப்பட்ட கதைக்கு ஏற்றபடி அவர் சரியாகவே நடந்துகொண்டார். கதைதான் தப்பு. அதைக் கட்டியது நீங்களும் உங்கள் அண்ணனும்.

இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. முப்பது வருடத்துக்கு முன் என் மாமியாருக்கு வயிற்றில் புற்றுநோய். ‘வயித்துப் புண்’ என்று சொல்லி வைத்தோம். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வாசலிலேயே பாடம் எடுத்து உள்ளே அனுப்பினோம். புண் என்றால் பத்தியம் இருக்க வேண்டும் இல்லையா? காரம், புளி இரண்டையும் விட்டார். வத்தக்குழம்பு இல்லாமல் ஒருவேளை சாப்பிடாத மனுஷி, ஏழு மாதம் மோர் சாதமும் கஞ்சியுமாக இருந்தார், புண் ஆறிவிடும் என்று நம்பி. எதைச் சாப்பிட்டாலும் இனி ஒன்றும் ஆகப் போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ‘பரவாயில்ல, ஒருநாள் சாப்பிடுங்கத்தை’ என்று நான் சொன்னபோது, ‘எல்லாம் ஆறட்டும்டி’ என்றார். பன்னிரண்டாம் நாள் படையலில் வத்தக்குழம்பு வைத்தோம். அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954இல். தன் தங்கை இந்த நோயில் வாடி இறந்ததைப் பார்த்தவர் அவர். எழுபது வருடம் தாண்டிவிட்டது, மருந்து மாறிவிட்டது, மார்பகப் புற்றுநோயிலிருந்து பிழைத்து எழுந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். நாம் இன்னும் நோயாளிக்கு மட்டும் பெயரை மறைத்துக்கொண்டிருக்கிறோம். சித்திக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நாளை இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியப் போகிறது. சிகிச்சைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது யார்? உடம்பு யாருடையது?

அம்மா உடைந்துவிடுவார் என்கிறார் அண்ணன். இப்போது உங்கள் கடிதத்தில் அம்மா சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். ‘நாளைக்கு உனக்கு ஒரு துணை வேணும்ல.’ அம்மாவுக்குத் துரை மேல் பாசம் என்று காட்டுவதற்காக அதை எழுதியிருக்கிறீர்கள். நாலு ஊசியில் கட்டி கரைந்துவிடும் என்று நம்புகிற பெண் பேசுகிற பேச்சா அது? தனக்குப் பிறகு கல்யாணமாகாத மகள் இந்த வீட்டில் யாரோடு இருப்பாள் என்று யோசித்து, கடைசியில் ஒரு பூனைக்கு வந்து நிற்கிறார் அவர். முடி கொட்டியிருக்கும். பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த பெண் எல்லாம் சொல்லியிருப்பாள், அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு எதைப் பேசுவார்கள்? அம்மாவுக்குத் தெரியும். நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று அவர் உங்களிடம் மறைத்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் சொல்லிவிடுங்கள். அண்ணனிடம் அனுமதி கேட்க வேண்டாம், சொன்ன பிறகு தகவல் சொன்னால் போதும். சொந்தக்காரர்கள் சூழ உட்கார்ந்து சொல்ல வேண்டாம். இரவு துரைக்கு ஊசி போட்டு முடித்த கையோடு, அது அம்மா காலடியில் சுருண்டு படுத்த பிறகு சொல்லுங்கள். ‘உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேம்மா’ என்று ஆரம்பியுங்கள், நோயின் பெயரைச் சொல்லுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்று உடனே ஓட வேண்டாம். அவர் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாததை டாக்டரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள், இனி அவர் இல்லாமல் நீங்கள் மட்டும் டாக்டர் அறைக்குள் போகக் கூடாது. 12ஆம் தேதிக் காய்ச்சலையும் மாத்திரையையும் டாக்டரிடம் இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள். அதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டாம்.

இப்போது துரை. சித்தி பயப்படுவதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் முடியைப் பார்த்து அல்ல. கவனிக்க வேண்டியது பூனையின் மலமும் நகமும் பல்லும். மலத் தட்டை அம்மா தொடவே கூடாது. நீங்கள் கையுறை போட்டுத் தினமும் சுத்தம் செய்யுங்கள். அதிலிருந்து பரவக்கூடிய கிருமி ஒன்று தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. பச்சை மீன், பச்சைக் கறி கொடுக்காதீர்கள், வெளியே எலி பிடிக்க விடாதீர்கள். நகத்தை வெட்டி வையுங்கள். கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்து ஏறிய இரண்டு நாளைக்கு அம்மாவின் வாந்தி, சிறுநீரில் மருந்து கலந்திருக்கும், கழிப்பறைப் பக்கம் துரையை அண்டவிடாதீர்கள். மற்றபடி அது அம்மா காலடியில் படுக்கட்டும், அதை அம்மாவின் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி நேரம் ஆஸ்பத்திரி நாளில் கொஞ்சம் முன்னே பின்னே போனால் குடி முழுகாது. எவ்வளவு தள்ளலாம் என்று கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேப்பேரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அந்த வேளையை விட்டுவிடுங்கள், இரண்டாவது முறை போட்டுவிடாதீர்கள். சாப்பிடாமல் இருந்தால் கேட்காமல் ஊசி போடக் கூடாது. தள்ளாடினாலோ துவண்டாலோ ஈறில் கொஞ்சம் தேனைத் தடவிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இன்னொன்று, அவசரத்தில் மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த சிரிஞ்சை அப்படியே வாங்கி வராதீர்கள். சிவப்பு மூடி ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கிற மருந்துக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கிற மருந்துக்கு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடியில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும், ஒரு பூனைக்கு அது உயிர்போகிற விஷயம். அம்மா ஊட்டும் பால் சோற்றையும் நிறுத்துங்கள் (ஊட்டுகிறார், எனக்குத் தெரியும்). மாவுச்சத்து குறைந்தால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டு.

நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து அம்மாவுக்கு ஆரம்பியுங்கள். தேதி, மருந்து ஏறி எத்தனையாவது நாள், காய்ச்சல். எழுத வேண்டியது நீங்கள் இல்லை, அம்மா. தெர்மாமீட்டரும் பேனாவும் அவர் தலைமாட்டில் இருக்கட்டும்.

கடைசியாக உங்கள் அண்ணன். அம்மாவுக்கு என்ன சொல்லலாம், பூனையை என்ன செய்யலாம் என்று இரண்டையும் பெங்களூரில் உட்கார்ந்தபடி முடிவு செய்திருக்கிறார். பணம் அனுப்புவதைக் குறை சொல்ல மாட்டேன், அது தேவை. ஆனால் மகன் பணம் கட்டுவான், மகள் உடம்பைக் கட்டுவாள் என்று எந்தத் தாயும் பிரித்துப் பெறவில்லை. பெங்களூர் என்ன சீமையா? காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அடுத்த மருந்து 24ஆம் தேதி. 22ஆம் தேதியே வரச் சொல்லுங்கள். இரண்டு வேளை பக்கத்தில் நிற்க வைத்து ஊசி போடப் பழக்குங்கள். 24ஆம் தேதி நீங்கள் அம்மாவோடு போங்கள், வீட்டில் துரைக்கு அவர் போடட்டும். சீறினால் சீறட்டும்.